பலகை மேடையின் வரலாறு: ‘ஹஸ்டிங்ஸ்’ என்ற சொல்லும் வாக்கில்லாதவர் கேள்வியும்

1872 ஜூலை 18 அன்று நடைமுறைக்கு வந்த பிரிட்டிஷ் வாக்குச்சீட்டுச் சட்டம் இரகசிய வாக்கெடுப்பைக் கொண்டுவந்த சட்டம் என்றே நினைவில் நிற்கிறது. அதே சட்டம் இன்னொரு காரியத்தையும் செய்தது, அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. வேட்பாளரை ஊர் நடுவில் மரப்பலகை மேடையில் ஏற்றி, கூட்டத்தின் முன்னால் பெயரை முன்மொழிந்து, கூட்டத்தைக் கை உயர்த்தச் சொல்லி முடிவு கேட்கும் வழக்கம் அன்றோடு சட்டப்படி ஒழிந்தது. இனிமேல் வேட்புமனு எழுத்தில் தரப்பட்டால் போதும். அந்த மேடைக்குப் பெயர் ஹஸ்டிங்ஸ். மேடை போய் ஒன்றரை நூற்றாண்டு ஆகியும் பெயர் போகவில்லை. இன்றும் பிரிட்டனில் வேட்பாளர்கள் ஒன்றாக உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லும் கூட்டம் ஹஸ்டிங்ஸ்தான். இந்தியாவின் ஆங்கில நாளேடுகளிலும் தேர்தல் பிரசாரத்தைக் குறிக்க அந்தச் சொல் தயங்காமல் வருகிறது.

பெயர் தொடர்வதால் பொருளும் தொடர்கிறது என்று எண்ணிவிடுகிறோம். அது சரியன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். 1872-க்கு முன் ஹஸ்டிங்ஸின் முன்னால் நின்ற கூட்டத்துக்குச் சட்டம் தந்த ஓர் இடம் இருந்தது. வாக்குரிமை இல்லாத கூலியாளும் பெண்ணும் அந்த இடத்தில் நின்று கை உயர்த்தலாம், அந்தக் கைகளைத் தேர்தல் அதிகாரி கணக்கில் எடுத்தாக வேண்டும். அந்த இடம் எப்படி உருவானது, யார் அதைப் பயன்படுத்தினார்கள், எப்படிப் பறிபோனது என்று பார்க்கலாம்.

வீட்டு அவையிலிருந்து நகர மன்றத்துக்கு

சொல் ஆங்கில மண்ணில் பிறந்ததன்று. வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியில் ‘ஹூஸ்’ என்றால் வீடு, ‘திங்’ என்றால் அவை. ஊரார் அனைவரும் கூடும் பொது அவைக்கு எதிராக, ஒரு மன்னனோ தலைவனோ தன் வீட்டு ஆட்களையும் படைத் துணைவர்களையும் மட்டும் கூட்டிப் பேசும் அவைக்கு ‘ஹூஸ்திங்’ என்று பெயர். ஐஸ்லாந்து நாடாளுமன்றத்தின் பெயரான ஆல்திங், நார்வே நாடாளுமன்றத்தின் பெயரான ஸ்டோர்டிங் ஆகியவற்றில் இருப்பதும் இதே ‘திங்’. இங்கிலாந்துத் தென்கரையில் உள்ள ஹேஸ்டிங்ஸ் ஊருக்கும், நம் வரலாற்றுப் பாடத்தில் வரும் வாரன் ஹேஸ்டிங்ஸுக்கும் இந்தச் சொல்லோடு உறவு கிடையாது.

ஆங்கில ஆவணங்களில் சொல் தலைகாட்டும் இடம் கொடூரமானது. 1011-இல் டேனியப் படை கேன்டர்பரியைச் சூறையாடிப் பேராயர் ஆல்ஃபேஜைப் பிடித்துச் சென்றது. தனக்காக யாரும் மீட்புப் பணம் தரக் கூடாது என்று அவர் மறுத்துவிட்டார். 1012 ஏப்ரலில், கிரீனிச்சில், குடிபோதையில் இருந்த படையினர் அவரைத் தங்கள் ஹஸ்டிங்குக்கு இழுத்து வந்து, எலும்புகளையும் மாட்டுத் தலைகளையும் அவர்மீது எறிந்து, கடைசியில் கோடாரியின் பின்புறத்தால் அடித்துக் கொன்றார்கள் என்று ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேடு பதிவு செய்கிறது. அவர் இறந்ததாகச் சொல்லப்படும் இடத்தில் இன்று அவர் பெயரிலேயே தேவாலயம் நிற்கிறது. இங்கே ஹஸ்டிங் என்பது ஒரு தலைவனுக்குக் கட்டுப்பட்ட ஆட்களின் மூடிய கூட்டம். வெளியாளுக்கு அதில் இருந்த இடம் குற்றவாளிக்கூண்டு மட்டுமே.

அதே காலத்தில் லண்டன் நகரம் அந்தப் பெயரைத் தன் நீதிமன்றத்துக்கு எடுத்துக்கொண்டது. முதலாம் ஹென்றியின் பெயரில் வழங்கும் லண்டன் உரிமைப் பட்டயம், ஹஸ்டிங் வாரம் ஒருமுறை, திங்கட்கிழமை, கூட வேண்டும் என்கிறது. அந்தப் பட்டயம் உண்மையிலேயே அவர் காலத்ததுதானா என்ற ஐயம் ஆய்வாளர்களிடம் இருந்தாலும், நகர மக்கள் அந்த மன்றத்துக்கு எவ்வளவு முக்கியத்துவம் கொடுத்தார்கள் என்பதற்கு அது போதிய சான்று. நில வழக்குகள் அங்கே விசாரிக்கப்பட்டன, உயில்களும் பத்திரங்களும் பதிவாயின. 1252 முதலான சுருள்கள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. இடைக்கால லண்டனில் யார் யாருக்கு எந்த வீட்டை விட்டுச் சென்றார், எந்தக் கைம்பெண்ணுக்கு எந்தக் கடை வந்தது என்று வரலாற்றாசிரியர்கள் அறிவது பெரும்பாலும் அந்தச் சுருள்களால்தான்.

நீதிமன்றத்தின் பெயர் மேடையின் பெயரானதற்குக் காரணம் கில்ட்ஹால் கட்டடத்தின் அமைப்பு. நகர மேயரும் ஆல்டர்மேன்களும் அந்த மண்டபத்தின் ஒரு முனையில், தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய பலகைமீது உட்கார்ந்துதான் ஹஸ்டிங் மன்றத்தை நடத்தினார்கள். மன்றத்தின் பெயர் மெல்ல அந்தப் பலகைக்கே ஒட்டிக்கொண்டது. லண்டனின் நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்ததும் அதே மண்டபத்தில், அதே பலகையின் முன்னால். ஆகவே 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கில்ட்ஹால் மேடையைக் குறித்த சொல், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாட்டின் எந்த ஊரிலும் தேர்தலுக்காகப் போடப்படும் தற்காலிக மேடையைக் குறிக்கத் தொடங்கியது. பழைய கில்ட்ஹால் வழக்கம் இன்னும் முற்றாக அழியவில்லை. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் இறுதியில் லண்டன் நகரின் தொழிற்குழு உறுப்பினர்கள் அங்கே கூடி, வாய்விட்டுக் கூவி, மேயர் பதவிக்கு உரியவரைச் சொல்கிறார்கள்.

மேடையில் நடந்தது என்ன

நாடாளுமன்றத் தேர்தலுக்கான ஆணை வந்ததும், கவுண்டிகளில் ஷெரீஃபும் நகரத் தொகுதிகளில் மேயரோ பெய்லிஃபோ தேர்தல் அதிகாரியாக இருந்து நாள் குறிப்பார். தச்சர்கள் சந்தைத் திடலிலோ தேவாலய முகப்பிலோ மேடை கட்டுவார்கள். அதற்கான செலவு வேட்பாளர்கள் தலையில் விழுந்தது. குறித்த நாளில் ஆணை வாசிக்கப்படும், இலஞ்சத் தடைச் சட்டமும் வாசிக்கப்படும். இலஞ்சம் கொடுத்துவிட்டு வந்தவர்களும் அதை நின்று கேட்பார்கள். பிறகு ஒவ்வொரு வேட்பாளரையும் ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், வேட்பாளர் பேசுவார். கீழே நிற்கும் கூட்டம் கேள்வி கேட்கும், கத்தும், முட்டையும் முட்டைக்கோஸும் செத்த பூனையும் எறியும். எல்லாரும் பேசி முடித்ததும் அதிகாரி கைகளை உயர்த்தச் சொல்லிப் பார்வையால் மதிப்பிட்டு, இன்னாருக்கு ஆதரவு என்று அறிவிப்பார்.

இந்த அறிவிப்பு வெறும் சடங்கில்லை. தோற்றவர் தரப்பு வாக்குப்பதிவு கேட்காவிட்டால் கைகள் காட்டிய முடிவே தேர்தல் முடிவு. கேட்டால்தான் வாக்குரிமை உள்ளவர்கள் ஒவ்வொருவராக மேடைக்கு வந்து, பெயரும் தொழிலும் சொல்லி, யாருக்கு வாக்கு என்று உரக்கச் சொல்ல வேண்டும். எழுத்தர் அதைப் பதிவேட்டில் எழுதுவார். பல ஊர்களில் அந்தப் பதிவேட்டை அச்சிட்டு விற்கவும் செய்தார்கள். இன்ன தெரு, இன்ன செருப்புத் தொழிலாளி, இன்னாருக்கு வாக்களித்தார் என்று எவரும் காசு கொடுத்து வாங்கிப் படிக்கலாம். படித்தவர்களில் நிலக்கிழாரும் உண்டு, கடன் கொடுத்தவரும் உண்டு.

வில்லியம் ஹோகார்த் 1754–55-இல் தீட்டிய நான்கு தேர்தல் ஓவியங்கள் லண்டனில் சர் ஜான் சோன் அருங்காட்சியகத்தில் உள்ளன. மூன்றாவது ஓவியம் வாக்குப்பதிவைக் காட்டுகிறது. போரில் உறுப்புகளை இழந்த பழைய சிப்பாய் ஒருவர், கைக்குப் பதிலாகப் பொருத்திய கொக்கியை விவிலியத்தின்மீது வைத்துச் சத்தியம் செய்கிறார். கையில்லாதவர் செய்யும் சத்தியம் செல்லுமா என்று வழக்கறிஞர்கள் சண்டையிடுகிறார்கள். பின்னால் சாகக் கிடக்கும் ஒருவரைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு படியேறுகிறார்கள். தொலைவில் பிரிட்டானியா தேவியின் வண்டி கவிழப்போகிறது, வண்டிக்காரர்கள் சீட்டாடுகிறார்கள். அந்த ஓவியத்தை மேடையின் மீதான குற்றப்பத்திரிகையாக எடுத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் ஹோகார்த்தின் பார்வை வாக்குள்ளவர்கள் மீதே நிற்கிறது. வாக்கற்றவர்கள் அந்த மேடையை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு வேறு இடங்களில்தான் தேட வேண்டும்.

வாக்குப்பதிவு எத்தனை நாள் வேண்டுமானாலும் இழுக்கலாம் என்றிருந்த காலத்தின் உச்சம் 1784 வெஸ்ட்மின்ஸ்டர் தேர்தல். கோவென்ட் கார்டனில் புனித பவுல் தேவாலயத்தின் தூண் முகப்பின் முன் மேடை நின்றது. இரண்டு இடங்களுக்கு மூவர் போட்டி: அட்மிரல் ஹூட், சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ், சர் செசில் ரே. ஏப்ரல் 1 முதல் மே 17 வரை, ஞாயிறு நீங்கலாக 40 நாள் வாக்குப்பதிவு நடந்தது. ஹூட் 6,694, ஃபாக்ஸ் 6,234, ரே 5,998. டெவன்ஷயர் கோமகள் ஜார்ஜியானா ஃபாக்ஸுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கினார். கசாப்புக் கடைக்காரருக்கு முத்தம் கொடுத்து வாக்கு வாங்கினார் என்று கேலிச்சித்திரக்காரர்கள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். வாக்கில்லாத ஒரு பெண் தேர்தலில் இவ்வளவு தூரம் செல்வாக்குச் செலுத்த முடிந்தது என்பதே அவர்கள் ஆத்திரத்துக்குக் காரணம் என்று தோன்றுகிறது. மறு ஆண்டே வாக்குப்பதிவுக்கு 15 நாள் வரம்பு வந்தது. 1832 சீர்திருத்தம் அதை 2 நாளாக்கியது, பின்னர் ஒரே நாளானது.

தொகுதியில்லாத ஊரில் மேடை

மான்செஸ்டர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பருத்தி ஆலைகளால் பெருத்த நகரம். நாடாளுமன்றத்தில் அதற்கென ஓர் உறுப்பினர்கூட இல்லை. பர்மிங்ஹாமுக்கும் இதே நிலைதான். 1819 ஜூலை 12 அன்று பர்மிங்ஹாம் நியூஹால் குன்றில் பெருங்கூட்டம் கூடி, சர் சார்லஸ் உல்ஸ்லியைத் தங்கள் பிரதிநிதியாகக் கைதூக்கித் தேர்ந்தெடுத்தது. ஆணையும் இல்லை, தேர்தல் அதிகாரியும் இல்லை. மான்செஸ்டர் சீர்திருத்தக்காரர்களும் அதையே செய்ய ஆகஸ்டு 9-க்கு ஒரு கூட்டத்தை அறிவித்தார்கள். பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பது சட்டவிரோதம் என்று நீதிபதிகள் தடுத்ததும், நோக்கத்தை மாற்றிக் கூட்டத்தை ஆகஸ்டு 16-க்குத் தள்ளி வைத்தார்கள்.

அன்று புனித பீட்டர் திடலில் நடந்தது பீட்டர்லூ படுகொலை என்று உலகம் அறியும். சுமார் 60,000 பேர் கூடியதாக மதிப்பீடு. குதிரைப்படை புகுந்து வெட்டியதில் ஏறத்தாழ 18 பேர் இறந்தார்கள், பல நூறு பேர் காயமுற்றார்கள். இறந்தவர்களில் பெண்களும் ஒரு குழந்தையும் உண்டு. நம் சொல்லுக்கு வேண்டிய செய்தி ஒன்று இதில் இருக்கிறது. ஹென்றி ஹன்ட் ஏறி நின்றது வண்டிகளைச் சேர்த்துக் கட்டிப் பலகை போட்ட மேடை. அன்றைய பதிவுகளும் பின்னர் நடந்த விசாரணைகளில் சாட்சி சொன்னவர்களும் அதை ஹஸ்டிங்ஸ் என்றே குறித்தார்கள். அங்கே தேர்தல் எதுவும் நடக்கவில்லை. இருந்தும் தேர்தல் மேடையின் பெயர் அந்த வண்டிப் பலகைக்குப் பொருந்தியது. மக்கள் முன் ஒருவர் ஏறிப் பேசுவதும் மக்கள் கை உயர்த்தித் தீர்மானிப்பதும் தேர்தலுக்கு மட்டும் உரியவை அல்ல என்ற எண்ணம் அதற்குள் வழக்குமொழியிலேயே ஊன்றிவிட்டிருந்தது. அதிகாரிகளும் அதை அப்படியே புரிந்துகொண்டார்கள். நீதிபதிகள் இருந்த வீட்டிலிருந்து மேடை வரைக்கும் காவலர்களை இரு வரிசையாக நிறுத்தி வைத்ததும், படை முதலில் பாய்ந்தது மேடையை நோக்கி என்பதும் தற்செயல் ஆகாது. ஆண்டு முடியுமுன் வந்த ஆறு சட்டங்களில் ஒன்று 50 பேருக்கு மேல் கூடும் பொதுக்கூட்டங்களைக் கட்டுப்படுத்தியது.

டிவர்ட்டன் கசாப்புக் கடைக்காரர்

1832 சீர்திருத்தத்துக்குப் பிறகும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வயது வந்த ஆண்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கே வாக்கு இருந்தது. அந்த ஏமாற்றத்திலிருந்து பிறந்த சார்ட்டிஸ்ட் இயக்கம், தேர்தலில் வெல்ல முடியாது என்று தெரிந்தே வேட்பாளர்களை நிறுத்தியது. அவர்களுக்கு வேண்டியது வேட்புமனு நாளின் மேடை. ஏறிப் பேசலாம், அமைச்சரை எதிரே நிறுத்திக் கேள்வி கேட்கலாம், கூட்டத்தின் கைகளைப் பெறலாம். வாக்குப்பதிவுக்கு முன்பே விலகிக்கொண்டால் செலவும் மிச்சம்.

1847 பொதுத் தேர்தலில் டெவன் கவுண்டியின் சிறு நகரான டிவர்ட்டனில் ஜார்ஜ் ஜூலியன் ஹார்னி இதைச் செய்து காட்டினார். எதிரே நின்றவர் வெளியுறவு அமைச்சர் பால்மர்ஸ்டன். ஹார்னி கடற்பணியாளர் ஒருவரின் மகன், முத்திரை ஒட்டாத செய்தித்தாள் விற்றதற்காக இளவயதிலேயே சிறை சென்றவர், அப்போது இயக்க ஏடான நார்தர்ன் ஸ்டாரின் ஆசிரியர். அவர் அமைச்சரின் வெளியுறவுக் கொள்கையை ஒவ்வொன்றாக எடுத்து விளாசினார். பால்மர்ஸ்டன் நழுவ முடியவில்லை. நாடாளுமன்றத்தில் கேட்டாலும் இத்தனை விரிவாகச் சொல்லியிருப்பாரா என்று ஐயுறத்தக்க நீண்ட விளக்கத்தை அந்தச் சிற்றூர் மேடையில் கொடுத்தார். கைகள் ஹார்னிக்கே உயர்ந்தன. அவர் வாக்குப்பதிவுக்குப் போகாமல் விலகினார், பால்மர்ஸ்டன் உறுப்பினரானார். அதே தேர்தலில் ஹாலிஃபாக்ஸில் எர்னஸ்ட் ஜோன்ஸ் கைகளில் வென்று, வாக்குப்பதிவில் கடைசியாக வந்தார். ஊருக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் இடையில் எத்தனை தூரம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் புள்ளிவிவரம் தேவையில்லை.

டிவர்ட்டனில் ஹார்னியைவிட எனக்கு முக்கியமாகப் படுபவர் வில்லியம் ரோக்ளிஃப். உள்ளூர்க் கசாப்புக் கடைக்காரர், தீவிரச் சீர்திருத்தவாதி. பால்மர்ஸ்டன் 1835 முதல் 1865-இல் இறக்கும்வரை அந்தத் தொகுதியின் உறுப்பினர். அந்த ஆண்டுகளில் அவர் மேடையேறும்போதெல்லாம் ரோக்ளிஃப் கீழே இருந்து கேள்வி கேட்டார். பதில் திருப்தி தராவிட்டால் மீண்டும் கேட்டார். பின்னாளில் பால்மர்ஸ்டன் பிரதமராகியும் அந்தக் கேள்விகள் நிற்கவில்லை. அவர்களுக்குள் நடந்த சொல்லாடல் லண்டன் ஏடுகளில் வெளிவந்து ரோக்ளிஃப் நாடறிந்த மனிதரானார். பேரரசை நடத்தியவர் தன் ஊர்க் கசாப்புக் கடைக்காரருக்கு முகம் பார்த்துப் பதில் சொல்லியாக வேண்டிய ஒரு நாள், ஒரு மேடை, சட்டத்திலேயே இருந்தது. இதைக் கூட்டத்தின் கூச்சல் என்று ஒதுக்கும் வரலாற்றெழுத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

பெண்ணொருத்தியின் குரலும் உரக்க வாக்குச் சொல்லும் முறையால்தான் ஏட்டில் ஏறியது. 1867 நவம்பர் 26, மான்செஸ்டர் இடைத்தேர்தல். லில்லி மேக்ஸ்வெல் என்ற கடைக்காரப் பெண்ணின் பெயர் தவறுதலாக வாக்காளர் பட்டியலில் ஏறியிருந்தது. பெண் வாக்குரிமைக்காக உழைத்த லிடியா பெக்கர் அவரை அழைத்துச் சென்றார். மேக்ஸ்வெல் ஜேக்கப் பிரைட்டுக்கு வாக்கு என்று எல்லார் காதிலும் விழச் சொன்னார், கூட்டம் ஆரவாரித்தது, அதிகாரி பதிந்துகொண்டார். அடுத்த ஆண்டே சோர்ல்டன் எதிர் லிங்ஸ் வழக்கில் பெண்களுக்கு வாக்கில்லை என்று நீதிமன்றம் தீர்த்தது.

மூடிய பெட்டிக்கான நியாயம்

இவ்வளவும் சொன்ன பிறகு வெளிப்படை வாக்கின் கொடுமையை மறைப்பது நேர்மையாகாது. 1868 பொதுத் தேர்தலுக்குப் பிறகு வேல்ஸில் லிபரல் கட்சிக்கு வாக்களித்த குத்தகை விவசாயிகளை நிலக்கிழார்கள் நிலத்தைவிட்டுத் துரத்தினார்கள். யார் யாருக்கு வாக்களித்தார் என்பது ஊரறிந்த சேதி, ஒளிக்க வழியில்லை. சார்ட்டிஸ்டுகளே 1838-இல் முன்வைத்த ஆறு கோரிக்கைகளில் ஒன்று இரகசிய வாக்கு. மேடையை அவர்களைவிடத் திறமையாகப் பயன்படுத்தியவர்கள் இல்லை, வாக்குப் பெட்டியை மூடச் சொன்னவர்களும் அவர்களே. இதில் முரண்பாடு இல்லை. அவர்கள் கேட்டது அனைத்து ஆண்களுக்கும் வாக்கு, அதோடு இரகசியம். எல்லாரிடமும் வாக்கு இருந்தால் வாக்கில்லாதவனுக்கென்று தனி மேடை வேண்டியதில்லை. 1872-இல் வந்தது இரகசியம் மட்டும்.

இந்த இடைவெளியைக் கூர்மையாகக் கண்டவர் ஜான் ஸ்டூவர்ட் மில். அவருடைய தந்தை ஜேம்ஸ் மில் இரகசிய வாக்கின் ஆதரவாளர். மகன் 1861-இல் எழுதிய பிரதிநிதித்துவ ஆட்சி பற்றிய நூலில் அதை எதிர்த்தார். வாக்கு வாக்காளரின் சொத்தன்று, பிறர் பொருட்டு அவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு, ஆகவே அந்தப் பிறர் பார்க்கவே அதைச் செலுத்த வேண்டும் என்பது அவர் வாதம். குத்தகைக்காரனின் அச்சத்துக்கு அவர் வாதம் போதிய விடை தரவில்லை. ஆனால் வாக்கற்ற பெரும்பான்மையின் கண்களை அவர் கணக்கில் எடுத்தார். அதை அவர் நடைமுறையிலும் காட்டினார். 1865-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் போட்டியிட்டபோது, பெரும்பாலும் தொழிலாளர்கள் கூடியிருந்த கூட்டத்தில், அவர்கள் வர்க்கத்தினர் பொதுவாகப் பொய்யர்கள் என்ற பொருளில் அவர் எழுதியிருந்ததைத் தட்டியில் அச்சிட்டு நீட்டி, எழுதியது உண்மையா என்று கேட்டார்கள். ஆம் என்று உடனே சொன்னார். கூட்டம் கைதட்டியது. நழுவாத பதிலுக்கு அவர்கள் ஏங்கியிருந்தார்கள் என்பதுதான் அந்தக் கைதட்டலின் பொருள் என்று மில் பின்னர் தன்வரலாற்று நூலில் விளக்கினார்.

ஆஸ்திரேலியக் குடியேற்றங்களான விக்டோரியாவும் தென் ஆஸ்திரேலியாவும் 1856-இலேயே இரகசிய வாக்கைச் சட்டமாக்கியிருந்தன. கிளாட்ஸ்டன் அரசில் டபிள்யூ. இ. ஃபார்ஸ்டர் கொண்டுவந்த சட்டம் பிரபுக்கள் அவையின் தடைகளைத் தாண்டி 1872-இல் நிறைவேறியது. ஆகஸ்டு 15 அன்று யார்க்ஷயரின் பான்டிஃப்ராக்ட் இடைத்தேர்தலில் முதன்முதலாக அதன்படி வாக்கெடுப்பு நடந்தது. அங்கே பயன்பட்ட வாக்குப்பெட்டி உள்ளூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் அரக்கில் அழுத்தியிருப்பது அதிமதுர மிட்டாய் செய்யும் உள்ளூர் ஆலையின் அச்சு. முன்போல் கூச்சலும் குடியும் இல்லாமல் தேர்தல் அமைதியாக நடந்ததைக் கண்டு பலர் வியந்தார்கள். 1874-இல் கனடாவும் இதே வழியில் சென்றது. அமெரிக்காவின் விர்ஜீனியாவில் மட்டும் ஹஸ்டிங்ஸ் என்ற பெயர், லண்டனின் பழைய பொருளில், நகர நீதிமன்றங்களின் பெயராக 20ஆம் நூற்றாண்டுவரை பிழைத்திருந்தது.

கூட்டம் யாருடையது

1872-இன் விளைவு பற்றி வரலாற்றாசிரியர்களிடையே ஒரு விவாதம் உண்டு. ஜேம்ஸ் வெர்னன் 1993-இல் வெளியிட்ட நூலில், 19ஆம் நூற்றாண்டின் சீர்திருத்தங்கள் அரசியலைத் திறந்த வெளியிலிருந்து மூடிய அறைக்குக் கொண்டுபோய் மக்கள் பங்கேற்பைச் சுருக்கின என்றார். ஹஸ்டிங்ஸ் பற்றி 2009-இல் தனி நூலே எழுதிய ஜோன் லாரன்ஸ் இதை ஏற்கவில்லை. சட்டத்துக்குப் பிறகே தேர்தல் பொதுக்கூட்டங்கள் பெருகின, வேட்பாளரை மடக்கிக் கேள்வி கேட்கும் பழக்கம் 20ஆம் நூற்றாண்டிலும் ஓங்கியிருந்தது, அதைத் தணித்தது தொலைக்காட்சிதான் என்பது அவர் கண்டது. பேச்சின் அளவைப் பார்த்தால் லாரன்ஸ் சொல்வதே சரி.

ஆனால் பேச்சின் அளவு வேறு, பேசுவதற்கான உரிமை வேறு. வேட்புமனு நாளின் மேடை அரசின் ஏற்பாடு. நடத்தியவர் தேர்தல் அதிகாரி, கூட்டத்தைக் கேட்காமல் அவர் அடுத்த படிக்குப் போக முடியாது. 1872-க்குப் பின் வந்த பொதுக்கூட்டம் கட்சியின் ஏற்பாடு. மண்டபத்தை வாடகைக்கு எடுத்தவர் யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே தள்ளுவது என்று தீர்மானித்தார். கூட்டத்தின் முடிவுக்குச் சட்டத்தில் எந்த எடையும் இல்லை. கேள்வி கேட்பவர் அதுவரை தேர்தலின் ஓர் உறுப்பாக இருந்தார், இனி அழையாத விருந்தாளி.

இந்த மாற்றம் துலக்கமாகத் தெரிந்த இடமும் மான்செஸ்டரே. 1905 அக்டோபர் 13 அன்று லிபரல் கட்சிக் கூட்டத்தில் கிறிஸ்டபெல் பாங்க்ஹர்ஸ்டும் அன்னி கென்னியும் சர் எட்வர்ட் கிரேயிடம் பெண்களுக்கு வாக்குரிமை தருவீர்களா என்று கேட்டார்கள். பதில் வரவில்லை. மீண்டும் கேட்டதும் அவர்களை வெளியே இழுத்துச் சென்றார்கள், இருவரும் சிறைக்குப் போனார்கள். கூட்டம் நடந்த ஃப்ரீ டிரேட் ஹால் எழுந்து நிற்பது 1819-இல் ஹன்டின் மேடை நின்ற அதே புனித பீட்டர் திடலின் மண்ணில். ரோக்ளிஃப் கேட்ட அதே விதமாகத்தான் அந்தப் பெண்களும் கேட்டார்கள். அவருக்குப் பிரதமர் பதில் சொன்னார், இவர்களுக்குக் காவலர் பதில் சொன்னார். வாக்குரிமைப் பெண்களின் குறுக்கீடுகள் தொடர்ந்ததும் 1908-இல் பொதுக்கூட்டச் சட்டம் வந்து, சட்டப்படி கூடிய கூட்டத்தின் நடவடிக்கையைக் குலைக்கும் நோக்கில் ஒழுங்கு மீறுவதைக் குற்றமாக்கியது.

இந்தியாவில் நேரடித் தேர்தல்கள் பரவலானபோது பிரிட்டனில் மேடை ஒழிந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. நமக்கு வந்தது எழுத்து வேட்புமனுவும் வாக்குப்பெட்டியும். கை உயர்த்தி முடிவு கேட்ட அந்தப் பலகை இங்கே எந்த ஊரிலும் போடப்படவில்லை, சொல் மட்டும் ஆங்கில ஏடுகள் வழியே கப்பலேறி வந்தது. நம் தேர்தல் கூட்டத்தில் தலைவர் பேசுவார், மக்கள் கேட்பார்கள். வேட்பாளர் அனைவரும் ஒரே மேடையில் நின்று ஊராருக்குப் பதில் சொல்வது நம் வழக்கில் வேரூன்றாததற்கு இந்தக் காலப் பிந்துதலும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

பிரிட்டனில் இன்றைய ஹஸ்டிங்ஸ் கூட்டங்களைத் தேவாலயங்களும் பள்ளிகளும் வட்டார அமைப்புகளும் நடத்துகின்றன. தேர்தல் ஆணையம் இதற்கென வழிகாட்டுதலே வைத்திருக்கிறது. தொகுதியின் வேட்பாளர் அனைவரையும் அழைத்தால், அல்லது சிலரை விட்டதற்குப் பாரபட்சமற்ற காரணம் காட்ட முடிந்தால், அதன் செலவு பிரசாரச் செலவாகாது. இல்லையென்றால் ஆகக்கூடும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் வர வேண்டும் என்ற கட்டாயம் எந்த வேட்பாளருக்கும் இல்லை.

சொல்லின் மிகப் பெரிய அண்மைக்காலப் பயன்பாடு 2022 கோடையில் நிகழ்ந்தது. கன்சர்வேட்டிவ் கட்சித் தலைமைக்கு, அதன் வழியே பிரதமர் பதவிக்கு, லிஸ் டிரஸ்ஸும் ரிஷி சுனக்கும் மோதியபோது, லீட்ஸில் தொடங்கி லண்டனில் முடிந்த 12 கூட்டங்களைக் கட்சி நடத்தியது. எல்லாவற்றுக்கும் ஹஸ்டிங்ஸ் என்றே பெயர். அரங்கில் கேள்வி கேட்க உட்கார்ந்திருந்தவர்கள் கட்சி உறுப்பினர்கள். வாக்குரிமை பெற்ற உறுப்பினர் சுமார் 1,72,000 பேர், டிரஸ் 81,326 வாக்குகளும் சுனக் 60,399 வாக்குகளும் பெற்றார்கள். கோவென்ட் கார்டனிலும் டிவர்ட்டனிலும் மேடையின் கீழே நின்றவர்களில் பெரும்பாலோருக்கு வாக்கு இல்லை, இருந்தும் அவர்கள் அங்கே நின்றார்கள், கேட்டார்கள், கை உயர்த்தினார்கள். 2022-இல் வாக்கு உள்ளவர்கள் மட்டுமே உள்ளே இருந்தார்கள். பொதுத் தேர்தலில் வாக்குரிமை உள்ள 4 கோடிக்கும் மேற்பட்டோருக்கு, தங்கள் அடுத்த பிரதமரிடம் கேள்வி கேட்கும் அந்தக் கூட்டங்களைத் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் பார்க்க மட்டுமே முடிந்தது.